பசியாறும் நேரம் எது?

 

"பசியாறியாச்சா?" என்பது தமிழ் முஸ்லிம் இல்லங்களில் காலை வேளையில் கேட்கப்படும் அன்பான கேள்வி. காலை உணவுக்கு நம் முன்னோர் இட்ட பெயரே பசியாறல்தான். சுபுஹுத் தொழுது, குர்ஆன் ஓதி, வீட்டு வேலையில் ஒரு பங்கை முடித்த பின் உண்ணும் உணவு அது. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகளிலும் தோல் பதனிடும் தொழிலிலும் உழைத்த நம் முந்தைய தலைமுறைக்கு, பசியாறும் நேரம் என்றால் வேலைக்குப் புறப்படுமுன் என்று பொருள்.

இன்று அந்தச் சொல்லின் இடத்தை 'பிரஞ்ச்' என்னும் சொல் பிடித்து வருகிறது. காலை உணவையும் பகல் உணவையும் ஒன்றாக்கி, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியளவில் குடும்பத்தோடு உணவகத்தில் உண்பதே பிரஞ்ச். பெருநகரங்களில் தொடங்கிய இவ்வழக்கம் நம் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது. சீஸ் நிரப்பிய தோசை, பிரியாணியைப் பொதிந்த பரோட்டா, சாஸில் புரட்டிய பொரித்த இட்லி என்று புதுப்புதுப் பதார்த்தங்கள் மேசைக்கு வருகின்றன. உண்டு முடித்துச் சிறுமலைக்கு வண்டியைத் திருப்பினால் அன்றைய ஞாயிறு கழிந்தது.

இதைக் குறித்து நம் மஹல்லாக்களில் இரு தரப்பார் மோதிக்கொள்கின்றனர். ஒரு தரப்பார், "இது அந்நியர் பழக்கம், இந்த உணவே வேண்டாம்" என்கின்றனர். மற்றொரு தரப்பார், "ஹலாலான பணம், ஹலாலான கறி, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்கின்றனர். இரு தரப்பாரும் தவறான இடத்தில் நின்று வாதிடுகின்றனர் என்பதே நம் கருத்து.

புதிய உணவு குற்றமன்று

முதல் தரப்பாரிடம் கேட்கிறோம். அந்நியத்தன்மை ஓர் உணவை விலக்கக் காரணமாகுமா? நம் வீட்டுக் கறிக்குழம்பில் விழும் மிளகாய், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அக்கண்டத்தில் தோன்றியவையே. அவை இல்லாத அடுப்படியை இன்று நம்மால் எண்ணிப் பார்க்க முடியுமா?

நம் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டு சேர்த்த பிரியாணியையே எடுத்துக்கொள்வோம். 1957-ஆம் ஆண்டு நாகசாமி நாயுடு அவர்கள் திண்டுக்கல்லில் தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் அணிந்த தலைப்பாகையினால் தலப்பாக்கட்டி எனப் பெயர் பெற்றது. நீண்ட பாசுமதிக்குப் பதிலாகச் சீரகச் சம்பா, சிறு துண்டுகளாக நறுக்கிய ஆட்டுக்கறி எனத் திண்டுக்கல் பிரியாணி தனிச்சுவை கொண்டது. அதுவும் ஒரு காலத்தில் புதுமைதானே?

நபி (ஸல்) அவர்கள் பேரீச்சங்கனியை வெள்ளரிக்காயுடன் சேர்த்து உண்டதை அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒன்றின் சூட்டை மற்றொன்றின் குளிர்ச்சி தணிக்கும் என்று தர்ப்பூசணியோடு பேரீச்சங்கனியை அவர்கள் உண்டதை அபூதாவூத் நூலில் காண்கிறோம். மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது, தம் ஊரில் இல்லாத உணவென்று நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களோ அதே விரிப்பில் அமர்ந்து அதை உண்டார்கள். விரும்பாதவர் விலகிக்கொண்டார், விரும்பியவர் உண்டார். உண்டவரை எவரும் இழித்துப் பேசவில்லை.

காபியின் வரலாறும் நமக்குப் பாடமாகும். யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் தாக்காதிருக்க அருந்திய பானம் அது. 1511-ஆம் ஆண்டு மக்காவில் அதிகாரியாயிருந்த கைர் பேக், அறிஞர் சிலரின் கருத்தைத் துணைக்கொண்டு அதைத் தடைசெய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தானின் தலையீட்டால் அத்தடை நிலைக்கவில்லை. இன்று அதே காபியைக் குடித்துவிட்டுத்தான் நாம் மிம்பரில் ஏறுகிறோம். அறியாத உணவையெல்லாம் ஹராம் என்று அவசரப்பட்டு அறிவித்தோர் அன்றும் இருந்தனர் என்பதை முதல் தரப்பார் நினைவில் கொள்ளட்டும்.

அச்சொல் பிறந்த கதை

இனி இரண்டாம் தரப்பாருக்கு வருவோம். தட்டில் உள்ளதை நாம் குறை கூறவில்லை. தட்டு வரும் நேரத்தைத்தான் கேட்கிறோம்.

'பிரஞ்ச்' என்ற சொல் அச்சில் ஏறியது இங்கிலாந்தில், 1895-ஆம் ஆண்டு. கய் பெரிஞ்சர் என்னும் எழுத்தாளர் ஓர் ஆங்கில வார இதழில் அவ்வுணவுக்காகப் பரிந்து கட்டுரை எழுதினார். அவருடைய வாதம் என்ன? சனிக்கிழமை இரவு கேளிக்கையில் களைத்தவர்கள் ஞாயிறு காலை சீக்கிரம் எழ வேண்டியிராது. தாமதமாக எழுந்து, தேநீரில் தொடங்கி, மெல்ல மெல்லக் கனமான உணவுக்குப் போகலாம். ஆக, இவ்வுணவு நேரத்தின் அடித்தளமே விடியலை உறக்கத்தில் விடுவதுதான்.

நம் வீடுகளில் மதுக் கேளிக்கை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சனி இரவு கைப்பேசியில் கழிகிறது. பிள்ளைகள் ஒரு மணிக்கு உறங்குகின்றனர், பெற்றோரும் உடன் விழித்திருக்கின்றனர். நம் ஊரில் ஆறு, ஆறரை மணிக்குள் சூரியன் உதித்துவிடும், சுபுஹின் நேரம் முடிந்துவிடும். ஒன்பதரைக்கு எழுந்து, குளித்து, பதினொரு மணிக்கு உணவக மேசையில் அமரும் குடும்பத்தில் எத்தனை பேர் சுபுஹுத் தொழுதவர்? பெரிஞ்சர் சொன்ன காலை வாழ்வுக்கும் இதற்கும் நடுவே மதுக்கிண்ணம் ஒன்றைத் தவிர வேறென்ன வேற்றுமை? இரவு வணக்கத்திற்கு விழித்திருக்கப் பெரியோர் அருந்திய காபியை, கடமையான தொழுகையை உறங்கிக் கழித்த பின் நாம் அருந்துகிறோம்.

"சுபுஹுத் தொழுதுவிட்டுத்தான் மீண்டும் உறங்கினோம், பின்னர் சென்றோம்" என்போர் இருப்பீர்கள். அவ்வாறெனில் உங்களோடு நமக்கு வழக்கில்லை, நிம்மதியாக உண்ணுங்கள். உங்கள் பிள்ளைகளும் அவ்வாறே தொழுதார்களா என்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தம் சமுதாயத்தின் அதிகாலையில் பரக்கத் அருளுமாறு நபி (ஸல்) அவர்கள் இறைஞ்சினார்கள். அச்செய்தியை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதீ (ரலி) ஒரு வணிகர். தம் சரக்கைக் காலையின் தொடக்கத்திலேயே அனுப்பி வந்த அவர் செல்வம் பெருகக் கண்டார் என்று அபூதாவூத், திர்மிதீ நூல்கள் கூறுகின்றன. கடைவீதியில் தொழில் செய்யும் நம் சமூகத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

காலியான பாய்கள்

மதரஸாவில் கற்பிப்போர் என்ற முறையில் நாம் காணும் இழப்பு ஒன்று உண்டு. வார நாட்களில் பள்ளிக்கூடம், டியூஷன் என்று ஓடும் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை வகுப்பு ஒன்றே மிஞ்சியிருக்கிறது. குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதவும், தொழுகையின் சட்டங்களைக் கற்கவும் வாரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது அந்த இரண்டு மணி நேரமே. அந்நேரத்தில்தான் பிரஞ்ச் மேசையும் விரிக்கப்படுகிறது. மறுவாரம் வரும் பிள்ளை பாடத்தை மறந்திருக்கிறது. முன்வாரம் உண்ட பதார்த்தத்தின் பெயரை மட்டும் தவறின்றிச் சொல்கிறது. குறை பிள்ளையினுடையதன்று. அதன் ஞாயிற்றுக்கிழமையைத் திட்டமிட்டவர்கள் நாம்.

"இல்லத்தரசிக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?"

எதிர்வாதங்களில் நாம் மதிப்பது இது ஒன்றையே. ஆறு நாட்கள் அடுப்படியில் நின்ற தாய்க்கு ஏழாம் நாள் காலையாவது ஓய்வு வேண்டும். மறுக்கவே மாட்டோம்.

ஆனால் அந்த ஓய்வுக்கு உணவகம் ஒன்றுதான் வழியா? வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் விடையளித்தார்கள். புகாரியில் உள்ள இச்செய்தி கணவன்மார்களுக்கு இரண்டு பாடங்களையும் சேர்த்தே தருகிறது. ஞாயிறு காலை இட்லிப் பானையை அத்தா ஏற்றட்டும். அவரால் இயலாதெனில், குடும்பத்தை அழைத்துச் செல்லட்டும், எட்டு மணிக்கு அழைத்துச் செல்லட்டும். நம் ஊரில் சூடான சிற்றுண்டிக்குப் பதினொரு மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேகம்பூரில் சுபுஹு முடித்து வருவோருக்குத் தேநீர்க் கடை திறந்திருக்கிறது என்பது நாம் அறிந்ததே.

தட்டில் மீந்தது

நேரத்தை அடுத்து நம் கேள்வி வீண்விரயம் பற்றியது. நான்கு பேர் அமர்ந்து, புதுப்பெயர்களில் மயங்கி, ஏழு பதார்த்தங்கள் கேட்கின்றனர். படம் எடுக்கின்றனர். இரண்டைத் தொட்டுப் பார்த்து விடுகின்றனர். பசிக்காகக் கேட்டிருந்தால் மீந்திருக்குமா? பார்ப்பதற்காகக் கேட்டதால்தான் மீந்தது.

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணானது. உணவகங்கள் முதலான உணவுச் சேவை இடங்களின் பங்கு 29 கோடி டன். வீடுகளின் பங்கோ 63 கோடி டன். ஆகவே வீட்டில் உண்போரும் தம்மை உத்தமர் என்று கருதிக்கொள்ள இடமில்லை.

உண்பதையும் பருகுவதையும் அனுமதித்த அதே வசனத்தில், அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனத்தில், இறைவன் விரயத்தைத் தடுக்கிறான். கீழே விழுந்த கவளத்தைத் துடைத்து உண்ணச் சொன்ன மார்க்கம் இது, உணவின் எப்பகுதியில் பரக்கத் உள்ளதென்று நாம் அறியோம் என்பதால். ஒருவரின் உணவு இருவருக்குப் போதும் என்று கற்ற நாம், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பலர் ஒரே தாலத்தைச் சுற்றி அமர்ந்துண்ணும் சஹன் சாப்பாட்டை வழக்கமாகக் கொண்ட சமூகம். தலைக்கு ஒரு தட்டு, நடுவில் பகிர்வதற்கு மூன்று தட்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

மீந்ததைப் பொட்டலமாக்கிச் சிறுமலைக்குக் கொண்டு செல்வோரும் உள்ளனர். நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். அவ்வளைவுகளின் ஓரத்தில் நெகிழிப் பையோடு எறியும் சோற்றைக் காட்டுமாடும் குரங்கும் பையோடு சேர்த்தே விழுங்குகின்றன. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று பிள்ளைக்கு ஓதிக்கொடுத்துவிட்டு, வண்டிக் கண்ணாடியை இறக்கிப் பையை எறிவது எந்தக் கிளை?

எது புதுமை?

உணவகம் நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். எதன் மேலும் மயோனைசும் சீஸும் ஊற்றுவது புதுமையாகிவிடாது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு உடல்நலம் கருதி ஓராண்டுத் தடை விதித்ததை நீங்கள் அறிவீர்கள். புவிசார் குறியீடு பெற்ற மலைவாழை நம் தலைக்கு மேலே சிறுமலையில் விளைகிறது. காபியும் மிளகும் பலாவும் எலுமிச்சையும் அங்கே உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தென்னகமெங்கும் அனுப்பக் காய்கறி வருகிறது. இவற்றைக் கொண்டு ஒரு புதிய பதார்த்தம் செய்யுங்கள், நாமே வந்து விலை கொடுத்து உண்போம். அரைத்தட்டு விற்கவும் முன்வாருங்கள். கறியும் சாஸும் எங்கிருந்து வந்தன என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காதீர்கள். கேட்பது அவர் கடமை.

நாம் வேண்டுவது

வெளியே உண்பதைக் கைவிடுமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. சுபுஹு முடிந்த வீடாகப் புறப்படுங்கள். பிள்ளையின் வகுப்பைத் தவறவிடாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை இயலாதெனில், லுஹருக்குப் பின் அதே உணவு அதே சுவையோடு கிடைக்கும். முதலில் குறைவாகக் கேளுங்கள், தீர்ந்த பின் மறுபடியும் கேளுங்கள். படத்தை ஊருக்குக் காட்டுமுன், குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை நினையுங்கள். அந்தப் படத்தைக் காணும் உறவினர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதையும் நினையுங்கள்.

வரும் ஞாயிறு நம் பிள்ளைகள் சுபுஹுடைய பாங்கு கேட்டு எழட்டும். எழுப்புபவர் முதலில் எழுந்தவராக இருக்கட்டும். வல்ல ரஹ்மான் நம் காலைப்பொழுதிலும் நம் உணவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.