கரை திரும்பாதவரின் மனைவி

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலில் இருந்தார்கள். சிலருடைய உடல்கள் கேரளக் கரைகளில் ஒதுங்கின. மரபணுச் சோதனை செய்துதான் வீட்டாரிடம் ஒப்படைத்தார்கள். பலர் உடலாகக்கூட வரவில்லை. 2024 நவம்பரோடு ஏழாண்டு முடிந்தது. "ஏழு வருஷம் ஆகிவிட்டதே, அந்தப் பெண்கள் இனி மறுமணம் செய்யலாம்தானே?" என்ற கேள்வி நம் பங்குப் பணியாளர்களிடம் இப்போது வருகிறது. சட்டென்று "ஆம்" என்பதும் தவறு, "கூடாது" என்பதும் தவறு.

ஏழாண்டு என்பது நாட்டுச் சட்டத்தின் கணக்கு. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக அவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழாண்டாக எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று நிரூபிப்பது அப்படிச் சொல்பவரின் பொறுப்பாகிவிடும். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலும் இதே ஏழாண்டு ஒரு காரணமாக இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1707-ஆம் விதி ஆண்டுகளை எண்ணுவதில்லை. எவ்வளவு காலம் ஆனாலும், ஆளைக் காணவில்லை என்பது மட்டும் போதாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. இறந்திருக்கிறார் என்ற அறநெறி உறுதி மறைமாவட்ட ஆயருக்கு ஏற்பட வேண்டும். சாட்சிகள், பரவலான பேச்சு, சூழ்நிலைச் சான்றுகள் ஆகியவற்றிலிருந்து அந்த உறுதி வரலாம். அதன் பிறகே இறப்பு அனுமான அறிவிப்பு. ஆகவே நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மறுமண ஓலை வாசிக்கப் புறப்படும் பங்குத்தந்தை முதலில் ஆயரகத்துக்குப் போக வேண்டும். மறுபக்கம், புயலில் படகு கவிழ்ந்ததைக் கண்ணால் கண்டவர் இருந்தால் திருச்சபையின் விசாரணைக்கு ஏழாண்டு தேவையே இல்லை. இந்த இரண்டாவது பக்கத்தை நாம் போதுமான அளவு மக்களுக்குச் சொல்லவில்லை.

1868-இல் உரோமைத் திரு அலுவலகம் இது குறித்து விடுத்த அறிவுறுத்தல் இன்றும் படிக்கத் தக்கது. கண்ட சாட்சி இல்லாதபோது எதையெல்லாம் கேட்டறிய வேண்டும் என்று அது வழிகாட்டுகிறது: அவருடைய வயது என்ன, உடல்நிலை எப்படி, மனைவி பிள்ளைகள்மீது பாசம் உள்ளவரா, உயிரோடிருந்தால் வீட்டுக்குச் சேதி அனுப்பாமல் இருக்கக்கூடியவரா? ஒரு மனிதரை நன்றாகத் தெரிந்தவர்களால்தான் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியும். அப்படித் தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது. புயலில் தப்பி வந்த கூட்டாளிகள் பலர் வேறு துறைமுகங்களில், வேறு விசைப்படகுகளில் இருக்கிறார்கள். நம் பணியில் இதுதான் இப்போது மிக அவசரமானது என்று நான் கருதுகிறேன்: அந்தச் சாட்சியங்களை இன்றே எழுதி வாங்குங்கள். அந்தப் பெண் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாட்சியம் எழுதுவதால் அவரை மறுமணத்துக்குத் தள்ளுகிறோம் என்று பொருளில்லை. தாலியைக் கழற்று என்றோ, நினைவுத் திருப்பலி வைத்து முடித்துவிடு என்றோ சொல்லும் உரிமை நமக்கும் இல்லை, மாமியார் வீட்டாருக்கும் இல்லை. டீகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிபட்டு, பிறகு ஊர் திரும்பியவர்களை இந்தக் கடற்கரை பார்த்திருக்கிறது. அவர் எங்கோ சிறையில் இருக்கலாம் என்று ஒரு மனைவி நம்பினால் அது பேதைமை அல்ல. அந்தத் தொழிலின் அனுபவம் தந்த நம்பிக்கை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கவனித்திருப்பீர்கள். எல்லாரும் தத்தம் குடும்பக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகையில், கரை திரும்பாதவர்களின் மனைவியர் பொதுச் சிலுவையின் அடியில் திரியை வைத்துவிட்டு ஓரமாக நிற்பார்கள். மந்திரிக்க வரும் குருவானவர் வரிசை வரிசையாகக் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போய்விடுவார். அந்தச் சிலுவையடியில் நின்று பெயர் சொல்லிச் செபிக்க இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் எந்தச் செபம் என்பதை அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே கேளுங்கள்: இறந்தோருக்கானதா, கடலில் இருப்போருக்கானதா? வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் மனைவியரோடு பணியாற்றிய பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், முடிவு தெரியாத இந்த இழப்பைத் தனி வகையாகவே கண்டார். இறந்தாரா இல்லையா என்று ஒரு பக்கம் சாயும்படி வற்புறுத்துவது துயரைக் கூட்டும். இரண்டையும் ஒருசேர மனத்தில் தாங்கி வாழப் பழக்குவதே உதவி என்பது அவர் நிலைப்பாடு.

ஒரு பக்கம் சாயச் சொல்லாத இந்த வழியை இலங்கை சட்டமாகவே செய்து பார்த்தது. போரில் காணாமற்போனோரின் குடும்பங்கள் இறப்புச் சான்றிதழ் வாங்க மறுத்து நின்றபோது, இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு 2016-இல் திருத்தச் சட்டம் வழி செய்தது. அதைக்கூட ஏற்காத தாய்மாரும் மனைவியரும் உண்டு. காணாமற்போனவர்கள் எங்கே என்பதற்கு அரசிடம் விடை கேட்டு 2017 முதல் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்தார்கள். புயல் கொண்டுபோனதும், ஆட்களே கொண்டுபோனதும் ஒன்றல்ல. அங்கே உண்மை வெளிவரும்வரை சடங்கை முடிக்கச் சொல்லும் மேய்ப்பர், தெரிந்தோ தெரியாமலோ குற்றத்தை மூட உதவுகிறார்.

நம் கடற்கரைப் பங்குகளுக்குத் திரும்பினால், வேலை சிறியதுதான். அன்பியப் பொறுப்பாளர் ஒருவரையும் அருட்சகோதரி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகின் பெயர், புறப்பட்ட நாள், கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசியது யாரிடம், அப்போது எந்தப் பகுதியில் இருந்தார்கள், தப்பியவர்கள் கண்டது என்ன என்று சாட்சியின் சொற்களிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காவல்நிலையப் புகார், அரசின் நிவாரண ஆணை ஆகியவற்றின் நகலையும் சேருங்கள். ஒரு பிரதி பங்கு ஆவணத்தில், ஒன்று ஆயரகத்தில், மூன்றாவது அந்தப் பெண்ணின் கையில். அதை எப்போது பயன்படுத்துவது, பயன்படுத்துவதா என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும்.