பயத்திற்குக் கொடுத்த விலை



பயத்தைக் காட்டி ஓட்டு வாங்குவது எளிது. அதற்கான விலையைக் கொடுப்பது யார்? பிரிட்டனைப் பாருங்கள்.

2016 ஜூன் 23ல் நடந்த பொது வாக்கெடுப்பில், ஐரோப்பிய யூனியனை விட்டு விலக 51.9 சதவீதத்தினர் வாக்களித்தனர். 7.6 கோடி மக்கள் கொண்ட துருக்கி யூனியனில் சேரப் போகிறது என்று விளம்பரம் செய்து மிரட்டியது விலகல் அணி. துருக்கி இன்று வரை சேரவில்லை!

நடந்தது என்ன? மறுநாளே பவுண்டின் மதிப்பு, டாலருக்கு எதிராக 31 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குச் சரிந்தது. பிரதமர் டேவிட் கேமரூன் ராஜினாமாவை அறிவித்தார். பின்னர் வந்த தெரசா மேயின் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மூன்று முறை தோற்கடித்தது. அவரும் பதவி இழந்தார். 2020 ஜனவரி 31ல்தான் விலகல் நிறைவேறியது.

2021 முதல் ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்குக்குச் சுங்கப் பத்திரங்கள், சோதனைகள், காத்திருப்பு. பெரிய நிறுவனங்கள் ஆள் வைத்துச் சமாளித்தன. சிறு வியாபாரி என்ன செய்வார்? பலர் ஏற்றுமதியையே கைவிட்டனர். யூனியனில் நீடித்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட, நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்று பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகமே மதிப்பிட்டது.

குடியேற்றமாவது குறைந்ததா? 2023ல் அது முன்னெப்போதும் இல்லாத உச்சத்தைத் தொட்டது!

அண்டை வீட்டாரைக் காட்டிப் பயமுறுத்துபவர்கள் ஓட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடன் சீட்டு மட்டும் மக்களின் வாசலுக்கு வரும். சிந்தியுங்கள்!