விடுமுறை யாருக்கு?

பள்ளித் தேர்வுகள் முடிவதற்கு முன்னரே நம் இல்லங்களில் விடுமுறைப் பயணத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. உதகைக்கா, கொடைக்கானலுக்கா என்று பிள்ளைகள் வழக்காடுவர்; செலவை எண்ணித் தகப்பனார் மௌனம் சாதிப்பார். கடல் கடந்து மக்கள் தேடி வரும் பழம்பெரும் ஊர்கள் நம் காவிரிக் கரையிலேயே இருக்கின்றன என்பது பலருக்கு நினைவில் எழுவதில்லை.

நினைவு எழுந்தாலும் நாம் போடும் திட்டம் எத்தகையது? ஒரு வேனைப் பேசி, மூன்று நாட்களில் பன்னிரண்டு ஊர்கள் என்று பட்டியல் எழுதுகிறோம். தாய் விடியுமுன் எழுந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டுகிறார், ஊர்தோறும் பரிமாறுகிறார், இரவில் பாத்திரம் துலக்குகிறார். பாட்டி கால்வலியால் வேனிலேயே அமர்ந்துவிடுகிறார். இல்லம் திரும்பியதும் அழுக்குத் துணி மூட்டை தாய்க்காகவே காத்திருக்கிறது. இது யாருக்கு விடுமுறை?

ஆகவே, பயணத் திட்டம் ஊர்களின் பட்டியலில் தொடங்கலாகாது. குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யார், மிகுதியாக உழைப்பவர் யார் என்னும் இரு கேள்விகளில் தொடங்கவேண்டும்.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். மே மாதத்தில் நம் பகுதியில் வெயில் கொடியது. மேட்டூர் அணை பாசனத்திற்குத் திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12 ஆதலால், கோடையில் காவிரி பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையோ அடைமழைக் காலம். கிறிஸ்து பிறப்பு விழாவிற்குப் பின்வரும் விடுமுறையும் பொங்கல் விடுமுறையுமே ஏற்றவை. வயல்களில் சம்பா விளைந்து நிற்கும் காலம் அது. 2028-ஆம் ஆண்டு மாசியில் குடந்தையில் மகாமகம் வருகிறது. அமைதியை நாடுவோர் அந்நாட்களைத் தவிர்ப்பது நலம்.

அடுத்து, நாள்தோறும் விடுதி மாறாமல் கும்பகோணத்திலேயே தங்குக. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இரயிலிலேயே வந்துவிடலாம். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் போதும். நண்பகலில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தப்படும். கல்தளமும் வெறுங்காலைச் சுடும். அது முதியோரும் தாய்மாரும் உறங்கும் வேளையாகட்டும்.

முதல் நாள் அருகிலுள்ள தாராசுரம் செல்லலாம். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது. முன்மண்டபத்தையே குதிரை பூட்டிய தேராகச் சிற்பியர் அமைத்துள்ளனர். 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மாலையில் சுவாமிமலையில், மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலால் மூடி, உலோகம் உருக்கி வார்க்கும் கைவினைஞரைப் பிள்ளைகள் காணட்டும்.

மறுநாள் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தஞ்சை. 1010-இல் முதலாம் இராசராசன் நிறைவு செய்த பெரிய கோயிலின் உயரத்தை அனைவரும் வியப்பர். அடித்தளத்துக் கல்வெட்டுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுக. அரசன் தன் கொடைகளை மட்டுமன்றி, தன் தமக்கையும் தேவியரும் பிறரும் வழங்கியவற்றையும் அங்கே பொறிக்கச் செய்தான். நம் இல்லத்தில் எவருடைய கொடை எங்குமே எழுதப்படாமல் போகிறது என்பதைத் தகப்பன்மார் அவ்விடத்தில் நின்று சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் தரங்கம்பாடி. டேனிஷ்காரர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவின் முயற்சியால் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி நிறைவுற்றது. கடற்காற்று பாட்டிக்கு இதமளிக்கும், அவரை அவசரப்படுத்தாதீர்கள். இன்னும் ஒரு நாள் கிடைத்தால், கொள்ளிடத்திற்கு வடக்கே, தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சிக்குச் செல்க. இடையில் ஞாயிறு நேர்ந்தால் குடந்தை அலங்கார அன்னை பேராலயத்தில் திருப்பலி காணலாம். 1899-இல் உருவான மறைமாவட்டத்தின் தாய்க்கோயில் அது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். கடன் வாங்கிச் செல்லும் பயணம் திரும்பி வந்தபின் கசக்கும். கையிலுள்ள பணம் நான்கு நாட்களுக்குப் போதாதெனில் இரண்டு நாட்களே செல்க, ஊர்களைக் குறைக்கலாம். ஆனால் தாயைச் சமைக்க வைத்து மிச்சம் பிடிக்க எண்ணாதீர்கள். உணவகத்தில் எளிய உணவை அனைவரும் ஒன்றாய் அமர்ந்து உண்பதே பயணத்தின் ஒரு பாதி இன்பம். திரும்பிய நாளன்று துணி துவைப்பதைத் தகப்பனும் பிள்ளைகளும் ஏற்றுக்கொள்ளட்டும்.

தாராசுரம் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது; தஞ்சைக் கோபுரம் ஆயிரம் ஆண்டைக் கடந்துவிட்டது. இவ்வாண்டு காணாது விட்ட ஊர் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். பாட்டியின் கால்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. ஆதலின் இம்முறை திட்டம் தீட்டுமுன், எங்கே போகலாம் என்று பிள்ளைகளிடம் கேட்கும் வழக்கத்தை மாற்றி, எது ஓய்வு தரும் என்று தாயிடமும் பாட்டியிடமும் முதலில் கேளுங்கள்.