பட்டைப்புழுவும் ஊர்ப் பொறுப்பும்

கொய்யா, மா, நெல்லி, முருங்கை, சவுக்கு முதலிய மரங்களில், கிளை பிரியும் கவட்டை ஒட்டி, மரத்தூளும் எச்சமும் நூலோடு பின்னிக் கரும்பழுப்பு நாடாவைப்போல் பட்டையின்மேல் ஒட்டிக்கிடப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். கண்டும், கறையான் மண் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள் என்பதே விசனத்துக்குரியது. இண்டார்பெலா என்னும் அந்துப்பூச்சியின் புழு, இரவில் வெளிவந்து பட்டையைத் தின்பதற்கென்று வேய்ந்துகொண்ட மறைவழி அது. அதன் ஒரு முனையில், கட்டைக்குள் கீழ்நோக்கிக் குடைந்த வளையில், பகல் முழுவதும் அப்புழு பத்திரமாக வாசம் செய்கிறது.

இந்த ஜீவனின் சரித்திரம் தெரிந்தால்தான் சிகிச்சை விளங்கும். சித்திரை, வைகாசியை ஒட்டி வெளிவரும் அந்து, சில தினங்களே உயிர்வாழ்ந்து, பட்டை வெடிப்புகளில் முட்டைகளைக் கொத்தாக இட்டு மடிகிறது. 8 முதல் 10 நாட்களில் பொரியும் புழுவோ, ஏறத்தாழ 9 முதல் 11 மாத காலம் அந்த மரத்தையே ஆகாரமாகவும் இல்லமாகவும் கொண்டு வளர்ந்து, வளைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, மூன்று நான்கு வாரங்களில் மறுபடி அந்தாகிறது. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். உபத்திரவமெல்லாம் அந்த நீண்ட புழுப்பருவத்தில் நேர்வதே: பட்டை அரிக்கப்பட்ட இடத்தில், இலையிலிருந்து இறங்கும் உணவு தடைப்பட்டு, கிளை வாடிக் காய்ப்புக் குன்றுகிறது, இளமரமாயின் பட்டுப்போவதும் உண்டு.

இலைமீது மருந்தைத் தெளித்துவிட்டு நிம்மதி கொள்வது வீண் பிரயாசை என்பது என் திடமான அபிப்பிராயம். வளைக்குள் ஒளிந்த புழுவை அது எட்டுவதில்லை. பூத்த முருங்கையில் தெளித்தாலோ, தேன் தேடிவரும் தேனீக்களே மடியும். நாடாவைத் துடைத்தெடுத்து, வளைக்குள் சைக்கிள் கம்பியைச் செலுத்திப் புழுவைக் குத்திக் கொன்று, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, வாயைக் களிமண்ணால் அடைத்துவிட்டால் போதும். பின்னர் புதுத் தூள் தென்பட்டால் புழு பிழைத்திருக்கிறதென்று அறிந்து, திரும்பவும் செய்ய வேண்டும்.

ஆனால் ஒருவர் எத்தனை கருத்தாகப் பார்த்தாலும், பக்கத்துத் தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடந்தால், அங்கே பிறக்கும் அந்து வேலியைத் தாண்டி வந்தே தீரும். ஆகையால், அந்து வெளிவரும் பருவத்துக்கு முன்பே, தை மாதத்தில் ஒரே வாரத்தைக் குறித்துக்கொண்டு, கொல்லை முருங்கை உட்பட ஊரிலுள்ள மரங்கள் அனைத்தையும் பார்வையிட்டு வளைகளை அடைத்துவிடும்படி ஒவ்வொரு கிராமத்து உழவர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.