தெரு யாருக்கு?

நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஒல்லியாக நீண்டு கிடக்கும் தீவு. அதன் சுரங்க ரயில்களில் பெரும்பாலானவை நீளவாக்கில்தான் ஓடுகின்றன. குறுக்கே போக வேண்டுமென்றால் பல இடங்களில் பஸ்தான் கதி. அப்படி ஒரு பஸ், 14ஆம் தெருவில் ஓடும் எம்14. முன்பு அங்கே டிராம் ஓடியது. 1936ல் அதை எடுத்துவிட்டு பஸ் விட்டார்கள்.

அந்தத் தெருவுக்கு அடியில் எல் ரயிலும் போகிறது. 2012 சாண்டி புயலில் அதன் ஆற்றடிச் சுரங்கத்துக்குள் உப்புநீர் புகுந்துவிட்டது. பழுதுபார்க்கும்போது ரயில் நிற்கும். கூட்டம் பஸ்ஸுக்கு வரும். எனவே தெருவில் கார்களைக் குறைப்போம் என்று திட்டம் போட்டார்கள். கடைசியில் ரயிலை முழுதாக நிறுத்தவில்லை. ஆனாலும் பஸ் திட்டத்தை நகர நிர்வாகம் விடவில்லை.

‘கார்களெல்லாம் எங்கள் தெருக்களில் புகுந்துவிடும்’ என்று அக்கம்பக்கத்தவர் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்தத் தடையையும் தாண்டி, 2019 அக்டோபர் 3ல் திட்டம் தொடங்கியது. பகலில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் மட்டுமே நேர்வழி. கார் வரலாம்; ஆளை இறக்கிவிட்டு அடுத்த வலப்பக்கத் திருப்பத்தில் வெளியேறிவிட வேண்டும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஊர்ந்துகொண்டிருந்த பஸ், அட்டவணை நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. டிரைவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று!

மேம்பாலம் கட்டவில்லை. பெயின்ட், அறிவிப்புப் பலகை, கொஞ்சம் கண்டிப்பு, அவ்வளவுதான். அடுத்த முறை அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போது எண்ணிப் பாருங்கள்: சுற்றியுள்ள கார்களில் எத்தனை பேர், நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பஸ்ஸில் எத்தனை பேர்?