மைதானத்தில் மது: தடை மட்டும் போதுமா?

பெங்களூர் அல்சூரை அடுத்த கௌதமபுரத்துக்குக் “குட்டி பிரேசில்” என்று ஒரு பெயர் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தப் பகுதியில் கால்பந்து வீரர் பெலேக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அங்கே கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போகும் பையன்தான் நாளைக்குத் தானே பூட்ஸ் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்குகிறான்.

அந்தப் பையன் உட்காரும் காலரியில் பக்கத்து இருக்கைக்காரர் பீர் குடிக்கலாமா? உலகம் முழுவதும் கால்பந்துச் சங்கங்களும் அரசாங்கங்களும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டும் கேள்வி இது.

அனுமதிக்கலாம் என்பவர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். வயது வந்தவர், சொந்தக் காசில், அளவோடு குடிப்பதைத் தடுக்க மற்றவர் யார் என்கிறார்கள். ஜெர்மனியில் ரசிகர்கள் பீரும் கையுமாகத்தான் ஆட்டம் பார்க்கிறார்கள். தினமுமா கலவரம் நடக்கிறது என்று கேட்கிறார்கள். உள்ளே தடை போட்டால் வெளியே கடையில் அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு வருவார்கள்; அது இன்னும் ஆபத்து என்கிறார்கள். 2021-ம் ஆண்டு இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகத்தை ஆராய்ந்த டிரேசி கிரவுச் குழு, கீழ்நிலைப் பிரிவு ஆட்டங்களில் சோதனை முறையில் அனுமதித்துப் பார்க்கலாம் என்று சிபாரிசு செய்தது.

தடை வந்த கதை

ஆனால் அந்தத் தடை சும்மா வந்துவிடவில்லை. 1980-ம் ஆண்டு மே 10-ந் தேதி கிளாஸ்கோ நகரில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. செல்டிக் அணி ரேஞ்சர்ஸ் அணியை வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் களத்தில் குதித்தார்கள். பாட்டில்களும் டின்களும் பறந்தன. குதிரைப் போலீஸ் வந்துதான் அடக்க முடிந்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தில் மைதானத்துக்குள் மதுவைத் தடுக்கும் சட்டம் வந்தது.

1985-ம் ஆண்டு மே 29-ந் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில், ஒதுங்கி ஓடியவர்கள் மீது சுவர் இடிந்தது. 39 பேர் மாண்டார்கள். இரண்டே மாதத்தில் இங்கிலாந்திலும் சட்டம் வந்துவிட்டது. அங்கே இன்றும் கால்பந்து ஆட்டம் நடக்கும்போது, களம் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து குடிப்பது குற்றம். குடிவெறியில் மைதானத்துக்குள் நுழைவதும் குற்றம்.

தடையால் பலன் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2022-ம் ஆண்டு கத்தார் உலகக் கோப்பையில், போட்டி தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது மைதானங்களைச் சுற்றிப் பீர் விற்பது நிறுத்தப்பட்டது. அந்தப் போட்டியில் இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்களில் ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று பிரிட்டிஷ் போலீசாரே சொன்னார்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இத்துடன் வழக்கு முடிந்தது என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? முடியாது. மறுபக்கம் ஒன்று இருக்கிறது.

ஹெய்சலுக்குப் பதினெட்டு நாள் முன்பு, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பழைய மரக் காலரி தீப்பற்றி எரிந்தது. பலகைக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையில் பற்றிய தீ அது. பின்பக்க வாசல்கள் பூட்டிக் கிடந்தன. 56 பேர் இறந்தார்கள். அங்கே கொன்றது மது அல்ல, குப்பையும் பூட்டும்.

1989-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்தது இன்னும் கொடுமை. வெளியே நெரிசல் அதிகமானதும் போலீசார் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்த கூட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பி வேலி அடைப்புக்குள் போய் நசுங்கியது. அந்த விபத்துக்குப் பலியானவர்கள் மொத்தம் 97 பேர். ஆனால் “குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம்” என்று கதை கட்டப்பட்டது. இறந்தவர்களின் ரத்தத்தில் மது இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். மாண்டவர்களில் பத்து வயதுப் பையனும் ஒருவன். சிறுவர்களின் ரத்தத்தைக்கூட விடவில்லை. ரசிகர்கள் மீது தவறில்லை என்று விசாரணை ஜூரிகள் முடிவு சொல்ல 2016-ம் ஆண்டு ஆயிற்று. 27 ஆண்டுகள்! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான்.

இந்தியாவிலும் பாடம் இருக்கிறது. 1980-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் மோதின. களத்தில் ஆட்டக்காரர்களுக்குள் தகராறு. காலரியில் கலந்து உட்கார்ந்திருந்த இரு தரப்பு ரசிகர்களுக்குள் அடிதடி. தப்பி ஓட முண்டியடித்ததில் 16 பேர் மாண்டார்கள். அந்தக் காலரியில் மதுக்கடை எதுவும் திறந்து வைத்திருக்கவில்லை. இன்றும் வங்காளத்தில் அந்த நாளில் ரத்ததானம் செய்து அவர்களை நினைக்கிறார்கள்.

பெங்களூர்வாசிகளுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2025-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி கிரிக்கெட் வெற்றி விழாவுக்குச் சின்னசாமி ஸ்டேடிய வாசலில் திரண்ட கூட்டத்தில் 11 பேர் நசுங்கி இறந்தார்கள். அளவுக்கு மிஞ்சிய கூட்டம், ஒழுங்கில்லாத வாசல் ஏற்பாடு. அவைதான் உயிரைக் குடித்தன.

காலரிக்கு ஒரு நீதியா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் தொழிலாளிகள் பார்த்து வளர்த்த கால்பந்துக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் பார்ப்பவர் களத்தைப் பார்த்தபடியே மது அருந்தலாம். கத்தாரில் சாதாரண ரசிகருக்குப் பீர் இல்லை. பெரும் பணம் கொடுத்து விருந்தினர் மாடத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் மது தாராளமாகக் கிடைத்தது. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி!

வியாபாரத்தின் கை எவ்வளவு நீளம் என்பதைப் பிரேசில் காட்டியது. மைதானங்களில் மதுவைத் தடுத்திருந்த அந்த நாடு, 2014 உலகக் கோப்பைக்காக 2012-ல் தனிச் சட்டம் போட்டு வழிவிட்டது. போட்டியின் விளம்பரதாரர்களில் ஒரு பீர் கம்பெனியும் உண்டு.

தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு திருமண மண்டபங்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் நிகழ்ச்சிகளின்போது மது பரிமாறச் சிறப்பு அனுமதி தரலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபம் நீக்கப்பட்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கான அனுமதி நீக்கப்படவில்லை. கல்யாண வீட்டில் கூடாது என்று ஒப்புக்கொண்டது, பிள்ளைகள் வந்து உட்காரும் மைதானத்தில் மட்டும் எப்படிச் சரியாகும்?

செய்ய வேண்டியது

கால்பந்து மைதானத்தில் மது வேண்டாம். அதுதான் நியாயமான முடிவு. வாரம் ஆறு நாள் ஆலையிலும் ஆபீசிலும் உழைத்தவர், குடும்பத்தோடு நிம்மதியாக இரண்டு மணி நேரம் உட்காரும் இடம் அது. அவருடைய சட்டைப் பையில் இருக்கும் சம்பளக் காசுக்கு அங்கேயும் ஒரு வலை விரிக்க வேண்டியதில்லை. பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி வர வேண்டும் என்றால் காலரி தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும். நெரிசல் ஏற்படும்போது தள்ளாடும் ஒருவர் விழுந்தால், அவர் மட்டும் விழுவதில்லை. பின்னால் வருபவர்களும் அவர்மேல் விழுகிறார்கள்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். காலரிக்குத் தடை என்றால் கண்ணாடி அறைக்கும் தடைதான். கால்பந்துக்குத் தடை என்றால் கிரிக்கெட்டுக்கும் அதேதான்.

இரண்டாவது, “பாட்டிலைப் பிடுங்கிவிட்டோம், கடமை முடிந்தது” என்று நிர்வாகிகள் கை கழுவக் கூடாது. இடம் எவ்வளவோ அவ்வளவு டிக்கெட்தான் விற்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை வாசல்கள் பூட்டாமல் இருக்க வேண்டும். குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும். எதிரெதிர் ரசிகர்களைத் தனித்தனியே உட்கார வைக்க வேண்டும். குடித்துவிட்டு வருபவரை அடிக்காமல், அவமானப்படுத்தாமல், வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

ஈடன் கார்டனிலும் சின்னசாமி ஸ்டேடிய வாசலிலும் மாண்டவர்கள் குடித்ததால் மாளவில்லை. அவர்களைக் காக்க வேண்டியவர்கள் காக்கத் தவறினார்கள். கௌதமபுரத்துப் பையன் ஆட்டம் பார்த்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமானால், பாட்டிலையும் பார்க்க வேண்டும். வாசலையும் பார்க்க வேண்டும்.