திருத்தியது கதையை, மறந்தது கையை

உழைப்பாளியின் நாளில் அவனுக்கென்று மிஞ்சுவது எவ்வளவு நேரம்? ஷிப்டு முடிந்து, ஆலை வாசலைக் கடந்து, வீடு வந்து, கைகால் கழுவிச் சாப்பிட்டு உட்கார்ந்தால் அரைமணி, மிஞ்சினால் முக்கால்மணி. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டு வந்து, அடுப்பையும் மூட்டவேண்டிய பெண்ணுக்கோ அதுவும் இல்லை. அந்த அரைமணியை எடுத்து ஒரு கதை பார்க்கக் கொடுக்கிறார்கள் என்றால் அது லேசான விஷயமல்ல. அதை வாங்கிக்கொண்டு, கதைக்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றி அனுப்பினால், அது மோசடியா இல்லையா?

இந்தக் கேள்வியை ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை முன்வைத்துக் கேட்க விரும்புகிறோம். கார்ட்டூன்தானே, குழந்தைகள் சமாசாரம்தானே என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். விஷயம் இருக்கிறது.

‘டிராகன் பால் இஸட்’ என்ற சண்டைக் கலைத் தொடரை, 1989 ஏப்ரல் முதல் 1996 ஜனவரி வரை ஜப்பானின் ஃபூஜி டெலிவிஷன் வாரம் ஒன்றாக 291 பகுதிகள் ஒளிபரப்பியது. தயாரித்தது தோயெய் கம்பெனி. 20 ஆண்டுகள் கழித்து, 2009-இல், அதே பழைய படச்சுருளைத் துடைத்துச் சுத்தம் செய்து, வேண்டாததை வெட்டி, ‘டிராகன் பால் கை’ என்ற பெயரில் மறுபடி வெளியிட்டார்கள். ஜப்பானிய மொழியில் ‘கை’ என்றால் ‘திருத்தியது’ என்று அர்த்தம். தமிழில் கை என்றால் என்ன என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில்தான் நம் வழக்கே இருக்கிறது.

கதையில் என்ன இருக்கிறது?

மூலக்கதை, அகிரா தோரியாமா என்ற ஓவியர் 1984 முதல் 1995 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வாரப் பத்திரிகையில் வரைந்த படக்கதை. அவர் 2024 மார்ச்சில் தமது 68-ஆம் வயதில் காலமானார். கதாநாயகன் கோக்கு, காட்டில் தனியே வளர்ந்த வாலுள்ள பையன். ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீனப் பழங்கதையின் குரங்கு வீரனை வைத்துப் பிறந்தவன்.

இவன் சண்டை கற்றுக்கொள்ள ஒரு கிழட்டுக் குருவிடம் போகிறான். குரு என்ன கற்றுக்கொடுக்கிறார் தெரியுமா? விடியுமுன் எழுந்து வீடு வீடாகப் பால் ஊற்றச் சொல்கிறார். ஏர் இல்லாமல் வெறுங்கையால் நிலத்தைக் கிளறச் சொல்கிறார். கட்டட வேலைக்கு அனுப்புகிறார். உழைப்புத்தான் பயிற்சி! மண்ணைத் தோண்டிய கைதான் பிறகு மலையைப் பெயர்க்கிறது.

‘இஸட்’ தொடரில் அவன் பெரியவனாகிவிடுகிறான். வேறு கிரகத்துப் போர்வீரர் குலத்தில், அதுவும் கடைசித் தட்டில் பிறந்தவன் அவன் என்று தெரியவருகிறது. அந்தக் குலத்தின் இளவரசன் வெஜிட்டா வந்து, பிறப்பைச் சொல்லி இகழ்கிறான். கீழே பிறந்தவனும் பாடுபட்டால் மேலே பிறந்தவனை மிஞ்சலாம் என்று கோக்கு பதில் சொல்கிறான். சொன்னதைச் சண்டையில் செய்தும் காட்டுகிறான். பிறப்பைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட எவருக்கும் அந்தக் காட்சி புரியும். விளக்கவுரை தேவையில்லை.

அடுத்து வருகிறான் ஃபிரீசா. கிரகங்களில் இருக்கும் மக்களைக் கொன்று தீர்த்து, காலியான கிரகத்தை நல்ல விலைக்கு விற்பது அவன் தொழில். 1980-களின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலை வெறிபிடித்து ஏறியது. குடியிருந்தவர்களை மிரட்டிக் கிளப்பிவிட்டு மனையை விற்ற தரகர்கள் கொழுத்தார்கள். அந்தக் கும்பலை மனத்தில் வைத்தே ஃபிரீசாவைப் படைத்ததாகத் தோரியாமாவே சொல்லியிருக்கிறார்.

இதனால் அவரை ஒரு போராட்டக்காரர் என்று நாம் சொல்லவில்லை. சிரிக்கவும் விறுவிறுப்பாகப் படிக்கவும்தான் அவர் வரைந்தார். ஆனால் நல்ல கதைக்காரனின் கண்ணில் அவன் காலம் படாமல் போகாது.

தண்ணீர் எப்படிக் கலந்தது?

படக்கதை வாரத்துக்குச் சுமார் 15 பக்கம் வந்தது. அதைப் படிக்க ஐந்து நிமிஷம் போதும். டெலிவிஷனுக்கோ வாரத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் படம் வேண்டும். கதை பிறக்கும் வேகத்தைவிட அதைத் தின்னும் வேகம் அதிகம். கொஞ்ச நாளில் கார்ட்டூன் படக்கதையின் முதுகில் வந்து இடித்தது.

யோக்கியமான வழி என்ன? கதை சேரும்வரை நிறுத்தி வைப்பது. ஆனால் அந்த அரைமணி நேரம் விளம்பரக்காரருக்கு விற்கப்பட்ட நேரம். பசுவின் மடி வற்றினாலும் வாடிக்கைக்கு வாரா வாரம் படி அளந்தாக வேண்டும். அப்புறம் என்ன? தண்ணீர்தான்.

போன வாரக் கதையை இந்த வாரமும் சொன்னார்கள். இருவர் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தபடியே நின்றார்கள். மேகம் நகர்ந்தது, பாறை உருண்டது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்த முகத்தோடு திகைத்தபடியே இருந்தார்கள். நமேக் என்ற கிரகம் இன்னும் ஐந்து நிமிஷத்தில் வெடித்துவிடும் என்று ஃபிரீசா சொல்கிறான். அந்த ஐந்து நிமிஷம் டெலிவிஷனில் சுமார் பத்து வாரம் ஓடியது! கெடு சொன்ன அன்று பள்ளிக்கூட லீவில் இருந்த பையன், அது முடிவதற்குள் பரீட்சையே எழுதி முடித்திருப்பான்.

இதற்குக் குற்றவாளி படம் வரைந்த தொழிலாளியா? இல்லவே இல்லை. நூல் இழை அறுந்துகொண்டே இருந்தால் பஞ்சைப் பார், மெஷினைப் பார், வேகத்தைக் கூட்டியவனைப் பார் என்போம் நாம். இங்கேயும் அதே நியாயம்தான்.

வெட்டியது சரியே

2009 ஏப்ரலில் ‘கை’ வந்தது. பழைய தொடரின் முதல் 194 பகுதிகளில் இருந்த கதை 98 பகுதிகளில் அடங்கிவிட்டது. அவற்றில் 97 டெலிவிஷனில் வந்தன. கடைசி ஒன்று வட்டில் மட்டும் வெளியானது. ஏறத்தாழப் பாதி! கதையில் எந்த முடிச்சும் அவிழாமல் நிற்கவில்லை. எந்த வீரனும் காணாமல் போகவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் நமக்கு ஊற்றிய பாலில் தண்ணீர் எவ்வளவு என்பதைக் கம்பெனியே தன் கையால் அளந்து காட்டிவிட்டது. இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேறென்ன வேண்டும்?

வெட்டியதை நாம் வரவேற்கிறோம். அடி விழுந்தால் அதே மூச்சில் பதிலடி விழுகிறது. கோபம் ஆறுவதற்குள் காட்சி நகர்கிறது. படச்சுருளின் கீறலும் தூசியும் போய், வர்ணம் துலங்குகிறது. புதிதாகப் பார்க்க உட்காருகிறவர் ‘கை’யையே பார்க்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

குறைகளும் உண்டு. சதுரத் திரைக்கென வரைந்த படத்தை அகலத் திரைக்குப் பொருத்த, ஒளிபரப்பின்போது மேலும் கீழும் வெட்டினார்கள். வீரர்களின் தலையும் காலும் போயின. பழுதான இடங்களில் புதிதாக வரைந்து சேர்த்த படங்கள், பழைய வேட்டியில் புது ஒட்டுப் போல் தனியே தெரிகின்றன. 2014-15-இல் வந்த இரண்டாம் பாகம், மிச்சமிருந்த 97 பகுதிகளை ஜப்பானில் 61 ஆகத்தான் குறைத்தது, வெளிநாடுகளுக்கு 69. தண்ணீர் திரும்பவும் எட்டிப் பார்த்தது. படத்திலோ பச்சைச் சாயம் படர்ந்திருந்தது.

இசையின் கதை தனி. ‘கை’க்குப் புது இசை போட்டார்கள். அது பிறர் இசையின் உரிமையை மீறியிருக்கலாம் என்று 2011 மார்ச்சில் கம்பெனியே அறிவிக்க நேர்ந்தது. புது இசையை எடுத்துவிட்டு, பழைய தொடருக்கு ஷுன்சுகே கிக்குச்சி அமைத்த இசையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆபத்துக்கு உதவியது பழைய தொழிலாளியின் வேலைதான்!

எல்லாம் தண்ணீரா?

இங்கே ஒரு நியாயம் பேசியாக வேண்டும். மூலக்கதையில் இல்லாததெல்லாம் தண்ணீர் என்று தள்ளிவிட முடியாது.

125-ஆம் பகுதியில், உலகத்தையே காப்பாற்றும் கோக்குவும் அவன் பழைய பகைவன் பிக்கோலோவும் கார் ஓட்டும் லைசென்ஸ் வாங்கப் போகிறார்கள். மனைவியின் நச்சரிப்புத் தாங்கவில்லை! ஆகாயத்தில் பறப்பவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு படும் பாடு வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். படக்கதையில் இது இல்லை. அந்த வாரம் கையில் கதையில்லாத தொழிலாளிகள் தங்கள் மூளையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ‘கை’யில் இது இல்லை. வெட்டிவிட்டார்கள்.

இன்னொன்று பாருங்கள். கோக்குவின் தகப்பன் பார்டாக்கின் போராட்டத்தைச் சொல்லும் கதை முதலில் வந்தது 1990-இல், டெலிவிஷனுக்காக எடுத்த ஒரு சிறப்புப் படத்தில். அதைப் பார்த்து மகிழ்ந்த தோரியாமா, பிறகு தம் படக்கதையிலேயே அவனைச் சேர்த்துக்கொண்டார். கூலிக்கு வரைந்தவர்கள் ஆசிரியருக்கே கதை கொடுத்தார்கள்! அவகாசமும் சுதந்திரமும் இருந்தால் உழைக்கிற கை எதையும் ஆக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

வரைந்த கை எங்கே?

இனி விஷயத்தின் வேருக்கு வருவோம். ‘கை’க்காகக் குரல் நடிகர்களை மறுபடி அழைத்து, வசனம் முழுவதையும் புதிதாகப் பேச வைத்தார்கள். கோக்குவுக்கு 1986 முதல் குரல் கொடுத்துவரும் மசாகோ நொசாவா அம்மையார், தமது 72-ஆம் வயதில் வந்து மறுபடி பேசினார். புது வேலை, புதுக் கூலி. மிகச் சரி. ஜப்பானியக் குரல் நடிகர்கள் 1973-இல் வேலைநிறுத்தம் செய்து கூலியை உயர்த்திக்கொண்டவர்கள்.

ஆனால் படம்? படம் பழைய படம். ஒவ்வொரு பகுதிக்கும் ஆயிரக்கணக்கான தாள்கள். ஒவ்வொன்றும் கையால் வரைந்து, கண்ணாடி போன்ற தாளில் கையால் வர்ணம் தீட்டியது. ஜப்பானின் சிறு பட்டறைகளில் மட்டுமல்ல, பிலிப்பைன்ஸ் தேசத்து மணிலாவிலும் உட்கார்ந்து தோயெய்யின் தொடர்களுக்கு வரைந்தார்கள். அந்தத் தாள்களைத்தான் 2009-இல் துடைத்து மறுபடி விற்றார்கள். தாளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவருக்கு, அந்தத் தாள் மறுபடி விலைபோகும்போது பங்கு கொடுக்கும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை. படத்தின் உரிமை தயாரிப்பாளனுக்கே என்று ஜப்பானின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

இது தானாக வந்த நிலை அல்ல. தோயெய்யின் சித்திரத் தொழிலாளிகள் 1961-இல் சங்கம் அமைத்தார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஹயாவோ மியாசாகி, இளம் ஓவியராக இருந்த 1964-இல் அந்தச் சங்கத்தின் செயலாளர். இசாவோ தகாஹாதா அவர் தோழர். மாதச் சம்பளத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நல்ல படம் எடுக்கவேண்டும் என்று அவர்கள் போராடினார்கள். 1972-இல் கம்பெனி ஆட்குறைப்புக் கொண்டுவந்து, கதவையும் அடைத்தது. வேலை வெளியே போயிற்று. தாள் கணக்குக் கூலி உள்ளே வந்தது. ‘டிராகன் பால்’ வரையப்பட்டது இந்த ஏற்பாட்டில்தான்.

பிறகாவது திருந்தியதா? ஜப்பான் அனிமேஷன் படைப்பாளிகள் சங்கம் 2015-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அந்தக் கணக்கின்படி இத்தொழிலில் இருந்தோர் சராசரியாக மாதம் சுமார் 262 மணி வேலை செய்தார்கள். இடைப் படங்கள் வரைந்த கடைநிலைத் தொழிலாளியின் ஆண்டு வருமானம் சராசரி 11 லட்சம் யென்னாக மட்டுமே இருந்தது. தொழில் முழுவதற்கும் சராசரி அப்போது 33 லட்சம். இவர்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு!

பீஸ் ரேட் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. டோக்கியோவில் பென்சில் பிடித்தாலும் அது பீஸ் ரேட்தான்.

நாம் சொல்வது

தண்ணீரை வடித்தது நல்ல காரியம். பார்ப்பவனின் நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் கணக்கில் பாதிதான் தீர்ந்திருக்கிறது. தண்ணீர் கலக்கச் சொன்ன அதே ஏற்பாடு, வடித்து விற்றும் லாபம் பார்த்தது. கறந்தவனின் பாக்கி அப்படியே நிற்கிறது. பழைய படைப்பு புதிதாக விற்கும் ஒவ்வொரு தடவையும் அதை வரைந்த கைக்குப் பங்கு போகவேண்டும். அந்த நாள் வரும்வரை இந்தத் திருத்தம் அரைத் திருத்தமே.

கதையின் கடைசிச் சண்டையை நினைத்துப் பாருங்கள். கோக்கு எவ்வளவு பலசாலியானாலும் தனியாக ஜெயிக்க முடியவில்லை. உங்கள் கைகளை மேலே தூக்குங்கள், ஆளுக்குக் கொஞ்சம் சக்தி கொடுங்கள் என்று உலக மக்களைக் கேட்க வேண்டியதாகிறது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு கை உயர்கிறது. பத்துக் கை உயர்கிறது. பூமி முழுவதும் கைகள் உயர்கின்றன. எதிரி ஒழிகிறான்.

291 பகுதிகளிலிருந்தும் எதை வேண்டுமானாலும் வெட்டட்டும். அதை மட்டும் யாராலும் வெட்ட முடியவில்லை!